மால்மோ, இரண்டாம் ஆட்டம்

பியானோ அல்ஃபில்டுக்குக் கேட்காது.
நாற்காலிக் கட்டை லேசாக அதிரும், அவ்வளவுதான்.

நாடகமேடையில் ஆடுகிறவள்
கால் இடறிக் கோமானின் மடியில் விழுகிறாள்.
"என் இதயம் இனி உங்களுடையது"
என்கிறது எழுத்து அட்டை.
உதடுகளோ,
"செருப்பு கடிக்குது. சாப்பாடு எப்போ?"

கொட்டகையே உருகுகிறது.
அல்ஃபில்ட் மட்டும் கெக்கலிக்க,
முன்வரிசைத் தொப்பியொன்று
திரும்பி முறைக்கிறது.

கடைசிச் சுருள்.
"வண்டி காத்திருக்கிறது", அட்டை.
கோமானின் வாய்:
"சிக்னே, இது நடிப்பில்லை.
ஞாயிற்றுக்கிழமை வருவாயா?"

தாளம் தப்பி
பூந்தொட்டியோடு சரிந்தாள் ஆட்டக்காரி.
விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
அல்ஃபில்ட் சிரிக்கவில்லை.
எழுந்து பதில் சொன்னபோது
அவள் முதுகுதான் தெரிந்தது.

நாளைக்கும் ஒரு டிக்கெட் எடுத்தாள்,
நாளை
இந்தப் பக்கம் திரும்பிவிடுவாள் என்பதுபோல.