பன்னிரண்டு கிராம்

அதிகாலை மூன்றே கால். மைனஸ் முப்பத்தெட்டு.
பெட்ரோல் பங்கின் கண்ணாடிக் கதவு
சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு
பிறகு மனமில்லாமல் விலகுகிறது.
லெஸ்யா ஹவ்ரிலுக் உள்ளே வருகிறாள்,
அவளுக்கு முன்னால் அவளுடைய மூச்சு.

நான் ரோடெல். இரவு முறை.
இலோய்லோவிலிருந்து வந்தவனுக்கு
சஸ்காட்செவனில் இது நான்காவது குளிர்காலம்.
லாரிக்காரர்கள் நேரே போவது
சூடான பெட்டிக்குள் சுற்றும் சாசேஜிடம்தான்.
அவளும் போனவள்தான்,
நவம்பரில் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டும்வரை.
சர்க்கரை எல்லையில் நிற்கிறது,
கொழுப்பு எல்லை தாண்டிவிட்டது என்றாராம்.
"தாண்டட்டும், என்னிடம் எல்லாத் தாளும் இருக்கிறது"
என்றாளாம் இவள்.
டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்றாம் அடுக்கு.
மூக்கின் நுனியில் கண்ணாடியை நிறுத்தி
ஒவ்வொரு பாரின் முதுகையும்
உயில் படிப்பதுபோலப் படிப்பாள்,
தன் பேர் எங்காவது வருகிறதா என்று
கடைசி வரிவரை.

முதல் வாரம் சாக்லேட் பூசியது.
நெற்றியில் கொட்டை எழுத்தில் புரதம்.
முதுகில் பொடி எழுத்தில்
நான்கு பேர்களில் ஒரே சர்க்கரை.
"மிட்டாய்க்கு ஜிம் பனியன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்தது சோயா. கரும்பலகையில் எழுதலாம்.

அதற்கடுத்ததில் சர்க்கரையே கிடையாது.
மால்டிட்டால் இருந்தது.
சாப்லின் ஏரிக்கரையில்,
மறைவுக்கு ஒரு மரமில்லாத சமவெளியில்
வண்டியை நிறுத்திவிட்டு அவள் பட்ட பாட்டை
என்னிடம் சொன்னாள்.
உங்களிடம் நான் சொல்வதாக இல்லை.

பிறகு சணல் விதையும் பேரீச்சையும். நல்லதுதான்.
ஆனால் இரவெல்லாம் வண்டிக்குள் உறைந்து கிடந்து
கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு எடுத்துக்கொண்டது.
"நான் அதைத் தின்னவில்லை ரோடெல்,
அது என்னைத் தின்றது."

ஜனவரி நடுவில் ஒரு பழுப்பு உறை.
மலை இல்லை, ஓடுகிற பெண் இல்லை.
மஞ்சள் பட்டாணிப் புரதம், ஓட்ஸ், சூரியகாந்தி விதை,
பேரீச்சை, உப்பு. அவ்வளவுதான்.
புரதம் பன்னிரண்டு கிராம்.
கோட்டுக்குள் அக்குளில் வைத்து இளக்கி
கவுன்டரில் சாய்ந்து நின்றே தின்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
உறையைத் திருப்பினாள்.
முதல் வரியில் விரல் நின்றது.

"வெளியே பார்."
பார்த்தேன். என்ஜின் அணைக்காத லாரி.
"நாற்பது டன். மஞ்சள் பட்டாணி.
புரதம் பிரிக்கும் ஆலைக்கு.
ஒன்பது வருஷமாக."

பேனா கேட்டு, ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டாள்.
ஐம்பது கிராம் பட்டாணி: இரண்டு சென்ட்.
பார்: நாலு டாலர் இருபத்தொன்பது.
"நடுவில் நாலு டாலர் இருபத்தேழு
எங்கே போகிறது?"
எனக்கு மணிக்குப் பதினாறு டாலர்.
"இங்கே வரவில்லை" என்றேன்.

அடுத்த வியாழன் ஊறுகாய்ப் புட்டி நிறைய
வறுத்த பட்டாணி கொண்டுவந்தாள்.
இரவு ஊறவைத்து, துண்டில் உலர்த்தி,
உப்பும் சோயிக்கீரையும் தூவி
அவனில் வாட்டியது.
கடித்தால் எனக்கே என் காது கேட்கவில்லை.
இனி பார் வாங்கமாட்டாள் என்று
அந்தப் பழுப்பு உறையின் ஆர்டரைப்
பாதியாகக் குறைத்தேன்.

மறுவாரம் வந்தவள் நேரே மூன்றாம் அடுக்குக்குப் போய்
இருந்த ஆறையும் அள்ளினாள்.
நான் பார்த்த பார்வைக்குப் பதில் சொன்னாள்:
"ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை புட்டியில்.
ரெஜினா தாண்டியதும் நடுரோட்டில் மான்.
பிரேக் மிதித்தால், பெடலுக்கடியில் பட்டாணி."
மானுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.
இவள் கை மட்டும், ஸ்கேன் செய்ய பாரை நீட்டும்போது,
கொஞ்சம் நடுங்கியது.
"உருளாமல் இருப்பதற்கு அந்த நாலு டாலர் இருபத்தேழு.
எழுதிக்கொள்."

கதவு மறுபடி ஒட்டிக்கொண்டது, விலகியது.
அவள் பூட்ஸ் நின்ற இடத்தில்
உருகிய பனியின் நடுவே ஒரு பட்டாணி.
துடைப்பத்தால் தள்ளினேன்.
ஐஸ்கிரீம் பெட்டிக்கடியில் ஓடிவிட்டது.
அந்தப் பெட்டியை மே மாதத்துக்கு முன்
யாரும் நகர்த்துவதில்லை.