வெள்ளைக்கரடு, 1112 அடி

பழைய தாளில் கரடு இருக்கிறது:
சின்ன முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி,
பக்கத்தில் உயரம்.
சங்ககிரி மலைமேல் கண்ணாடி நட்டுப் பார்த்தவர்கள்
எழுதிப்போன கணக்கு.

நான் முக்காலி நிறுத்திய இடத்தில்
காலுக்கு முன்னே பச்சைத் தண்ணீர்,
நூற்று எண்பதடி ஆழம் என்கிறார்கள்.
கருவி பிடிவாதமாய்ச் சொல்கிறது:
புள்ளி அங்கேதான் இருக்கிறது,
என் தலைக்கு மேலே
பருந்து திரும்பும் இடத்தில்.

படிவத்தில் ஒரு கட்டம்:
நிலையான அடையாளங்கள்.
எடைமேடைச் செங்கோடனைக் கேட்டேன்.
"நிலையானதுன்னா எப்படீங்க?" என்றார்.

சங்குக்கம்பத்தைக் காட்டினார்.
கம்பெனி பூட்டிப் பதினோரு வருசம்.
இன்னும் ஒரு மணிக்கு
ஊதாத சங்குக்கு
மாடுகள் தண்ணித்தொட்டிக்கு வருகின்றன.

வெடிமருந்துக் கிடங்கு, கதவில்லாமல்.
உள்ளே யாரோ கோழி வளர்க்கிறார்கள்.

பன்னிரண்டரை வேட்டுக்கு
விரியாத சுவர் இந்த ஊரில் இல்லை.
நாச்சக்காள் வீட்டில்
ஒவ்வொரு விரிசலுக்கும் கரியால் தேதி.
"இது சின்னவன் பொறந்த வருசத்து வேட்டு.
இது கூலியை டன் கணக்குக்கு மாத்துன மாசம்.
இது வேட்டில்லீங்க,
மூத்த மருமக கதவச் சாத்துனது."

கரடு எங்கே போயிற்று என்று கேட்டால்
வடக்கே கை நீட்டுகிறார்கள்.
பெண்கள் சுத்தியல் முனையால் அழுக்கைக் கொத்தி
வெள்ளையை மட்டும் தகரப் பெட்டியில் இட,
லாரி ஏறி, ரயில் ஏறி,
சூளையில் வெந்து செங்கல்லாகி
எங்கோ உருக்காலை உலைகளுக்குள்
சுவராக நிற்கிறது.
இரும்பு உருகும்,
இந்தக் கரடு உருகாது.

கரட்டு முனியப்பனுக்கு இது மூன்றாவது முகவரி.
உச்சியிலிருந்து சரிவுக்கு,
சரிவிலிருந்து எடைமேடைப் பக்கத்துக்கு.
ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பெனி ஒரு கிடா கொடுத்து
'வெடி, இதர செலவு' என்று கணக்கெழுதியது.
கடைசியாகச் சாமி வந்த லாரி
பழக்கதோசத்தில் எடைமேடையில் ஏறி நின்றது.
வண்டி எடை போக
ரெண்டு டன் முந்நூற்று நாற்பது கிலோ.
சீட்டு இன்னும் செங்கோடன் பையில்,
மடிப்பு கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள்.
"எங்க சாமி எடை
எங்களுக்குத் தெரியுமுங்க.
வேற எந்த ஊர்லயாவது தெரியுமா?"

ஆண்கள் பாதிப்பேர்
திருச்செங்கோட்டு ரிக் லாரிகளில் ஏறிப்போனார்கள்.
ராஜஸ்தானிலிருந்து போன் வரும்:
அறுநூறு அடி, புழுதி, தண்ணியில்லை.
இங்கே குழி நிறையத் தண்ணீர்,
குடிக்க ஆகாது.

மேற்குப் படிக்கட்டுச் சரிவை
யாரும் கை நீட்டிக் காட்டவில்லை.
பாவாயிதான் கூட்டிப்போனாள்.
எண்பத்தேழு, ஒரு புதன்கிழமை,
வேட்டுக்கு முன்னாலேயே பாறை விட்டுக்கொண்டது.
மாரப்பன். காளியண்ணன். டிரில்லர் ஆரோக்கியசாமி.
கல்வெட்டு ஏதும் இல்லை.
வருகைப் பதிவேடு ஒன்று உண்டு,
அதில் மூவர் பேருக்கும் நேரே
சிவப்பு மசியில்: அரை நாள்.

இழப்பீடு தனியாக வந்தது.
பாவாயி கேட்டது மற்ற அரை நாளை.
ஏழு வருசம், சேலத்துக்கு பஸ்,
வாய்தா, வக்கீல் லீவு, வாய்தா.
"எட்டாம் மாசமா பன்னெண்டாம் மாசமா தெரியல,
குடுத்தாங்க. பதினொண்ணு அம்பது."
என்ன செய்தீர்கள் என்றேன்.
"கோர்ட்டுக்கு எதுத்தாப்புல ஓட்டல்.
ரெண்டு புரோட்டா தின்னுட்டு
பஸ் ஏறிட்டேன்."

வெயில் சாய்ந்ததும் முக்காலியை மடித்தேன்.
உயரம் என்ற கட்டம்
குறிக்கணக்கை ஏற்க மறுத்தது.
1112 என்றே எழுதினேன்.
குறிப்பு என்ற இடத்தில்
அரை நாள் என்று எழுதி
அடிக்கவில்லை.