பாதிக்கு மேற்பட்ட நாட்கள்

படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி இருக்கிறது, இல்வா:
‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?’
முந்நூறு எழுத்துக்குப் பிறகு அது என்னை ஏற்பதில்லை.
ஆகவே இதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.
அனுப்புவேனா, தெரியாது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, இரவு எட்டு மணிக்கு
உங்கள் ஒன்பது கேள்விகள் வந்துவிடும்.
மூன்று நிமிடம் போதும் என்று மேலே போட்டிருக்கும்.
கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள்
என்றுதான் ஒவ்வொன்றும் வாயைத் திறக்கும்.

நீங்கள் மால்மோவில் இருக்கிறீர்கள்.
அங்கே சூரியன் சோம்பேறியானாலும் வேலைக்கு வருகிறது.
இங்கே டிசம்பர் பத்துக்குப் பிறகு வரவே இல்லை.
நண்பகலில் தெற்கோரம் ஒரு நீலம் கசியும்,
அதுவும் காபி ஆறுவதற்குள் போய்விடும்.
விடியாத ஊரில்
எதை ஒரு நாள் என்று கணக்கு வைப்பது?

தூக்கம் வருகிறதா என்கிறது ஒன்று.
நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்.
பனி விழும்போதெல்லாம் விழித்திருப்பேன்.
‘பிறர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக அசைகிறீர்களா?’
மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்.
பின்னால் வரும் கார்கள் எல்லாமே கவனிக்கின்றன,
ஹாரன் அடித்தும் சொல்கின்றன.
மூன்று போட்டேன்.
நீங்கள் சிரிப்பீர்களா என்று பார்த்தேன்.
திரையில் உங்கள் முகம் ஒரு கணம் உறைந்து நின்றது.
நெட் போனதா, நீங்கள் யோசித்தீர்களா,
இன்றுவரை தெரியவில்லை.

எந்தக் கேள்வியும் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.
சுரங்கம் அடியில் இரும்பைத் தின்று தின்று
மேலே தெரு விரிசல் விட்டது.
என் வீட்டைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள்,
திரைச்சீலையோடு, சுவர் ஆணிகளோடு.
நான்கு கிலோமீட்டர் கிழக்கே இறக்கிவைத்தார்கள்.
ஒரு கோப்பைகூட உடையவில்லை என்று
கம்பெனி ஆள் கைகுலுக்கினார்.
உண்மைதான், ஒன்றுகூட உடையவில்லை.
ஆனால் சமையலறை ஜன்னல் இப்போது வடக்கே பார்க்கிறது.
யோர்டிஸ் பாத்திரம் கழுவும்போது பார்க்கும் மலை
குளியலறைப் பக்கம் போய்விட்டது.
மலையைத் தேடித்தான் அவள் லூலியோவுக்குப் போனாள்
என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
போனாள். அதுவரைதான் தெரியும்.
இதற்குப் பூஜ்யமா, ஒன்றா, இரண்டா?

ஒன்பதாவது கேள்விக்கு எப்போதும்
படிப்பதற்கு முன்பே பூஜ்யம் போட்டுவிடுவேன்,
வாசலில் நிற்கும் விற்பனைக்காரரிடம்
வேண்டாம் என்று கதவைச் சாத்துவதுபோல.
அந்த ஞாயிறு படித்தேன்.
ஒன்று போட்டேன். ‘சில நாட்கள்’.
சும்மா ஒரு ஒன்று,
பனியில் நட்ட குச்சிபோல நின்றது.

பதினொரு நிமிடத்தில் போன் அடித்தது.
முகமில்லாமல், வரைபடமில்லாமல், உங்கள் குரல் மட்டும்:
‘தோர்க்னி, இப்போது உங்களோடு யார் இருக்கிறார்கள்?’
நாய் என்றேன்.
பெயர் கேட்டீர்கள்.
திருகாணி என்றேன்.
சிரித்துவிட்டீர்கள்,
அதற்கு உடனே மன்னிப்பு வேறு.
பிறகு சுற்றிவளைக்காமல் கேட்டீர்கள்,
அந்தச் சொல்லையே சொல்லி.
என்னிடம் அதுவரை யாரும் அதை உச்சரித்ததில்லை.
உச்சரித்த பிறகு அது கொஞ்சம் சிறிதாக இருந்தது.
ஒரு மணி நேரம் பேசினோம்.
வெளியே பனி விழுந்தபடியே இருந்தது,
வேறு யாரோ வாரினார்கள்.

இப்போது பதினெட்டு பதின்மூன்றாகியிருக்கிறது.
திரையில் கோட்டைக் காட்டினீர்கள், இறங்குகிறது.
நல்லதுதான்.
ஆனால் அந்த ஐந்து எங்கே போயிற்று, இல்வா?
யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?

நேற்று நண்பகல் சூரியன் வந்தது.
ஆறு நிமிடம். குளியலறை ஜன்னலில்.
இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து
வாயில் பிரஷ்ஷோடு நின்று பார்த்தேன்.
மலையும் இருந்தது, அந்தப் பக்கத்தில்.
நாய் வந்து காலில் உட்கார்ந்தது.

அடுத்த படிவத்துக்கு எண்ண
இப்போதைக்கு ஒரு நாள் கையில் இருக்கிறது.