காலி எடை

பர்கூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில்
எடைமேடை அறையில் எனக்கு இரவுப் பணி.
பச்சை எண்கள் நடுங்கி நிற்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொள்வேன், பழக்கம்.
மொத்த எடை, காலி எடை,
கழித்தால் கல்.

ஆடி முழுக்கச் சீட்டில் ஒரே ஊர்:
சின்னத்துறைக்குப்பம், அலைத்தடுப்பு.

ஒரு விடியலில்
சென்னகேசவன் லாரியிலிருந்து இறங்கினாள்
வேம்புலியம்மாள்.
கையில் முடிச்சுப் போட்ட நைலான் கயிறு.
லோடு ஏற்றுமுன்
ஒவ்வொரு கல்லாய்ச் சுற்றி அளந்தாள்.
"மூணு முடிச்சுக்குக் கீழ வேணாம்.
போன வருஷத்துக் கல்லை
ஒரே ராத்திரியில உருட்டி விளையாடிடுச்சு."
குவாரி மேலாளர் சிரித்தார்.
பதினொரு கல்லை ஒதுக்கினாள்.

டீ ஆறும்வரை சொன்னாள்:
கதவுகளுக்குக் கீல் இல்லை, கொக்கிதான்,
கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடலாம்.
படகுகள் பள்ளிக்கூட மைதானத்தில்,
பிள்ளைகள் அதைச் சுற்றிக் கபடி.
அம்மனை மூன்று முறை மேற்கே நகர்த்தியாயிற்று;
இப்போது பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில்,
வண்டிக்குக் காத்திருப்பவள் போல.
ரேஷன் கார்டில் உள்ள தெரு தண்ணீருக்குள்.
வலை அங்கே மாட்டிக் கிழியும்.
கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவார்களாம்
யார் வீட்டுச் சுவர் என்று.

"கல்லு போட்டா எங்களுக்கு நிக்கும்.
வடக்கே அடுத்த குப்பத்தை அரிக்கும்."
கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.
"என் பொண்ணை அங்கதான் கொடுத்திருக்கேன்."

நான் ஜன்னலைக் காட்டினேன்.
மலை இருந்த இடத்தில் வானம்,
அதற்குக் கீழே நூற்றெண்பது அடிக் குழி,
அடியில் பச்சையாய்த் தண்ணீர்.
நாலு மணிக்கு வெடி.
அதற்குள் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்
கட்டிலில் படுக்கவைத்துவிடுவோம்,
காய்ச்சல்காரனைப் போல.

எட்டிப் பார்த்தாள்.
"எங்க ஊரு மொத்தமும் இதுக்குள்ள அடங்கும்."
வேறொன்றும் சொல்லவில்லை.
கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் இரவு வண்டி திரும்பியது.
போன தடவையைவிட
காலி எடை நாற்பது கிலோ கூடுதல்.
மேடையைத் திட்டினேன், மறுபடி ஏற்றச் சொன்னேன்.
அதே எண்.
சென்னகேசவன் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தான்:
மூலையெல்லாம் ஈர மணல்,
பாதி ஓடு ஒன்று, பாசி படிந்து.
"கூட்ட நேரமில்லக்கா, அடுத்த லோடு நிக்குது."

இந்த மணலுக்குச் சீட்டில் கட்டம் கிடையாது.
காலி எடை என்றே அடித்தேன்.
கணக்குப்படி
நாற்பது கிலோ கல்
இந்த லோடில் குறையும்.
பின்னால் இன்னொரு வண்டி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.