அமைச்சர் வரும் நாளில் வெளுப்பது

விடியுமுன் நான்கு நடை.
நடைக்குப் பதினெட்டாயிரம் லிட்டர்.
சுரங்க வாசலிலிருந்து பள்ளி மைதானம் வரை
மூன்றரைக் கிலோமீட்டர் புழுதியை
நனைத்துக்கொண்டே வந்தேன்.
லாரிக்குப் பின்னால் சாலை
சூளைக்குப் போகாத செங்கல்லின் நிறத்தில்
அடங்கிக் கிடந்தது.

கலிங்கிலே குடியிருப்பில்
யாரும் செய்தித்தாள் வாங்குவதில்லை.
என் லாரிச் சத்தம் போதும்.
ம்வேவா அம்மாள் எட்டு வாளிகளை
வாசலுக்கு இழுக்கிறாள்.
ஆறு மணிக்குள் கம்பியெல்லாம் துணி:
போர்வைகள், பள்ளிச் சட்டைகள்,
தேவாலயப் பாடகர்களின் அங்கிகள்,
கசாப்போ வீட்டுப் பச்சைக் குழந்தையின் துண்டுகள்,
போன மழைக்குப் பிறகு
வெயிலையே பார்க்காத ஒரு கல்யாணத் திரைச்சீலை.

பத்தேகாலுக்கு வந்தார். ஏழு கார்கள்.
தாளைப் பார்க்காமல் பேசினார்.

'தாமிரம் நமக்குக் கிடைத்த சீதனமல்ல,
பிறக்காத பிள்ளைகளிடம் வாங்கிய கைமாற்று.'
பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்திருந்தது.
'குழியை மூடுகிற பணத்தைக்
குழி வெட்டுமுன்னே கட்ட வேண்டும்.'
அதுவும் சரிதான்.
'உலகத்தின் மின்சாரக் கார்களுக்கு
நரம்பு இங்கிருந்துதான் போகிறது;
அது நம் நுரையீரல் வழியாகப் போக வேண்டியதில்லை.'
கை தட்டினோம். நானும் பலமாகத்தான் தட்டினேன்.

பிறகு தெருப்பக்கம் கைநீட்டினார்.
'பாருங்கள்,
சுரங்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்
எத்தனை வெள்ளைத் துணி!
வளங்குன்றாத சுரங்கம் என்று
நான் சொல்வது இதைத்தான்.'

மேலாளர் தலையாட்டினார்.
ம்வேவா அம்மாள் முதலில் சிரித்தாள்.
சிரிப்பு பின்வரிசைக்குப் போய்
மரத்தடியில் நின்றவர்களைத் தொட்டுத் திரும்பியது.
மேடையில் அது
மகிழ்ச்சியாகக் கேட்டிருக்கும்.

காரில் ஒரு கால் வைத்தவர் நின்றார்.
காலணி விளிம்பில் சேறு.
இரண்டு மாதமாக மழையில்லை.
குனிந்து பார்த்தார்,
நிமிர்ந்து என் லாரியைப் பார்த்தார்.

'வாரத்துக்கு எத்தனை தடவை நனைக்கிறீர்கள்?'

மேலாளர் தொண்டையைச் செருமுவதற்குள்
சொல்லிவிட்டேன்:
'போன தடவை நீங்கள் வந்தபோது, ஐயா.'

'நான் இங்கே வந்ததே இல்லையே.'

'உங்களுக்கு முந்திய அமைச்சர், ஐயா.'

ஒரு கொடி படபடக்கும் நேரம் யாரும் பேசவில்லை.
கைக்குட்டையை எடுத்தார்.
காலணியைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.
லாரிக் கதவின் மேல்விளிம்பில்
தண்ணீர் படாத இடத்தில் ஒருமுறை இழுத்தார்.
சிவந்த பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து
பேச்சுத் தாள்கள் இருந்த பைக்குள்ளேயே
வைத்துக்கொண்டார்.

அது கோப்புக்குப் போனதா
சலவைக்குப் போனதா
எனக்குத் தெரியாது.

ஒன்றரைக்குச் சாலை வெளிறத் தொடங்கியது.
மலைப்பக்கம் முதல் தாது லாரி உறுமியதும்
தெரு முழுக்கக் கைகள்.
திரைச்சீலை போயிற்று, அங்கிகள் போயின,
குழந்தையின் துண்டுகளை மட்டும்
கசாப்போவின் மனைவி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.
இன்னும் அரைமணி காய வேண்டும் போல.

தொட்டியின் அடியில் கொஞ்சம் மீதி.
அது எந்தக் கணக்கிலும் இல்லை.
அவள் வீட்டருகே வேகத்தைக் குறைத்து
வால்வைத் திறந்தேன்.

நாற்பது அடிக்கு வந்தது.