கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி

பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, ஓரின்.
கதவு மூடவே கூடாது,
ஈரம் போக வழி வேண்டும்.
அதற்குத்தான் இடுக்கில் மரக்கரண்டி.
நூற்று எழுபது டிகிரி,
அதற்குக் கீழே இந்த அவனுக்கு இறங்கத் தெரியாது.
வெளியே ஹாவர் நகரம்
பூஜ்யத்துக்கும் இருபது படி கீழே நிற்கிறது.

இறைச்சியை நேற்றே பாதி உறையவைத்தேன்.
முழுக்க இளகினால் வழுக்கும்;
முழுக்க உறைந்தால் கத்தியைக் கேலி செய்யும்.
நார் ஓடும் திசையிலேயே
பூட்ஸ் நாடா போல அரிந்தேன்.
கொழுப்பை விட்டுவைக்கவில்லை,
முதலில் கெடுவது அதுதான்.
சோயா, மிளகு, பழுப்புச் சர்க்கரை, பூண்டுத்தூள்,
நீ ஒளித்துவைத்த விஸ்கியில் இரண்டு மூடி.
ஆமாம், இடம் எனக்குத் தெரியும்.

இப்போது பல்குச்சி குத்திய துண்டுகள்
மேல்தட்டுக் கம்பிகளில் தொங்குகின்றன.
வரிசையாக என்று சொல்லமாட்டேன்.
கீழே அலுமினியத் தாளில்
சொட்டு.
சொட்டு.
டக்கர் மூன்று மணி நேரமாக வாலை அசைக்காமல்
டிவி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஐந்து பவுண்டு வைத்தேன்,
இரண்டுகூடத் தேறாது.
மீதி எங்கே போகிறது என்று கேட்பாயே,
சமையலறை ஜன்னலுக்கு வா.
நவம்பரில் மலைச்சரிவில் நான் சுட்ட எல்க் மான்
கண்ணாடியில் நீராய் வழிகிறது.
முன்னூறு கஜம். ஒரே தோட்டா.
அன்று நீ வரவில்லை, முட்டி வலி என்றாய்.
முட்டி நன்றாகத்தான் இருந்தது.
அந்த ஆவியில் விரலால்
உன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.
ஆங்கிலத்தில் அது வெறும் வட்டம்.
வட்டத்துக்குள்
தண்டவாளமும் ஒரு சிவப்பு விளக்கும்.

போன் வந்தது.
உல்ஃப் பாயின்ட்டில் பனி, வண்டி நகரவில்லை என்றாய்.
நூற்றுப்பத்து பெட்டி, எல்லாம் கோதுமை என்றாய்.
எப்போது வருவாய் என்பதை மட்டும்
கோதுமைக்கு அடியில் எங்கோ வைத்துவிட்டாய்.

ஆறாவது மணி.
ஒரு துண்டை எடுத்து ஆறவைத்தேன்.
சூட்டில் எதுவும் வளையும்;
ஆறின பிறகு மடக்கினால்தான் சங்கதி தெரியும்.
வளைந்தது.
வெள்ளை நார் தெரிய விரிசல் விட்டது.
முறியவில்லை.

ஒன்று டக்கருக்கு.
இரண்டு எனக்கு.
சரி, நான்கு.
நீ வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று
வாக்குக் கொடுக்கமாட்டேன்.

மணி பன்னிரண்டு. படுக்கப் போகிறேன்.
அவனை அணைத்துவிட்டேன்.
அடுப்பைச் சொன்னேன்.