பன்னிரண்டாவது ஆள்

சாங்கி முனைப் படகுத்துறையில்
கால அட்டவணை கிடையாது.
பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு,
சேரும்வரை பெஞ்சு.

நான் கிழக்கு மேற்குத் தடத்தில் ரயில் ஓட்டுகிறவள்.
பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸ்,
துவாஸிலிருந்து பாசிர் ரிஸ்.
என் நாளை நொடி நொடியாக நறுக்கித்தான் தருவார்கள்.
கதவு மூடும் மணி ஒலிக்கையில்
மின்படியில் பாய்ந்து வருபவர்களைத்
திரையில் பார்ப்பேன்.
முகம் தெரியாத அளவுக்குச் சின்னத் திரை.
அது ஒரு வசதி.

இன்று செவ்வாய், எனக்கு ஓய்வு.
ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு நீர் வற்றும் என்று
ஓத அட்டவணையில் பார்த்து வைத்திருந்தேன்.
உபின் தீவின் கிழக்கு ஓரம், செக் ஜாவா.
கடல் தன் போர்வையைக் கொஞ்சம் விலக்கி
அடியில் இருக்கும் புல்லைக் காட்டுமாம்.

எட்டே முக்காலுக்குப் பதினொரு பேர்.
ஊதுவத்தியும் ஆரஞ்சுப் பையுமாய் இரண்டு சீன அம்மாக்கள்,
மடிப்புக் கலையாத புதுச் சட்டையில்
ஷோஹாக்கும் அவன் கூட்டாளியும்,
மணப்பெண், மணமகன், அவர்களைவிடப் பதற்றமாய் ஒரு படக்காரர்,
ஐஸ்பெட்டிமேல் உட்கார்ந்து தூங்கும் தூண்டில்காரர்,
சைக்கிளோடு ஒரு மலாய் அப்பா,
அவர் மகன் டானிஷ்,
அப்புறம் நான்.

ஒன்பது மணி.
படகோட்டி ஆ லெங் நாளிதழைத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.
"சைக்கிளை ஒரு ஆளாக எண்ணக்கூடாதா?"
டானிஷ் கேட்டான்.
"அதுக்குத் தனிக் கட்டணம் உண்டு.
ஆனா ஆள் இல்லை."

அங்கே கடல் இறங்கிக்கொண்டிருந்தது.
யாருக்காகவும் நிற்காமல்,
என்னைப் போலவே.

ஷோஹாக்தான் சொன்னான்,
வராத ஆளுக்கு நாமே கொடுத்துவிடலாமே.
நாலு வெள்ளியைப் பதினொன்றால் வகுத்துப் பார்த்து,
எங்கள் சில்லறைக்கு ஒத்துவராமல்,
ஆளுக்கு நாற்பது காசு என்று முடிவாயிற்று.
மிஞ்சிய நாற்பது காசு டானிஷுக்கு.

படகில் ஓரமாக அந்த இடம் காலியாகவே வந்தது.
மணப்பெண் தன் பாவாடை விளிம்பைக்கூட
மடிக்குள் சுருட்டிக்கொண்டாள்.
காசு கொடுத்த இருக்கை அல்லவா,
ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

வாடகைச் சைக்கிளில் பிரேக் ஒரு பக்கம்தான்.
பத்து மணிக்குப் பலகைப் பாதையில் நின்றேன்.
புல் இருந்தது.
வாரிவிட்டாற்போல் ஒரே பக்கம் சாய்ந்து, ஈரமாய்.
தன்னைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி
ஒரு நண்டு யாரையோ கூப்பிட்டது. என்னை அல்ல.
கைப்பிடிக்குக் கீழே
முடிச்சு முடிச்சாய் ஒரு கடல்விண்மீன்,
யாரோ வைத்துவிட்டு மறந்ததுபோல.
இருபது நிமிடம் பார்த்திருப்பேன்.
பிறகு ஓசையே இல்லாமல்
தண்ணீர் திரும்ப வந்து
எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தது.

மீதி நாளுக்கு என்னிடம் திட்டம் இல்லை.
கல்வெட்டிய பழைய குழியில் பச்சை நீர்,
நடுவே நாரைகள் பங்கிட்டுக்கொண்ட மரங்கள்.
இளநீர்க் கடையில் என் ரொட்டியை மோப்பம் பிடித்த
காட்டுப்பன்றிக் குட்டி.
ஓர் இருவாச்சி சரியாக எந்தக் கிளையில் இருக்கிறது என்பதிலேயே
முக்கால் மணி நேரம் போயிற்று.

ஆறு மணிக்குத் துறையின் நீளப் பாலத்தில் வந்தபோது
படகு நிறைந்து கிடந்தது.
பதினொரு முகங்கள்
ஒருசேர என் பக்கம் திரும்பின.
யாரிடமும் கைக்கடிகாரம் பார்க்கும் பார்வை இல்லை.
ஆனாலும் ஓடினேன்.
செருப்பு பலகையில் தட தடவென்று அடிக்க,
பை தோளிலிருந்து நழுவ,
கையை உயர்த்திக்கொண்டு,
திரையில் நான் பார்க்கிறவர்கள் எல்லாரும்
ஓடுவது போலவே ஓடினேன்.

"மெதுவா வா," என்றார் ஆ லெங்,
"கடல் எங்கேயும் போயிடாது."

போகும். காலையில் பார்த்தேன்.
சொல்லவில்லை.
மூச்சு வாங்க, ஓரத்துக் காலி இருக்கையில்
உட்கார்ந்துகொண்டேன்.